பென் டிரைவின் பணிமூப்பு

அரசாங்கம் ஒரு காரியத்தை முடிச்சே தீரணும்னு உத்தரவு போட்டுட்டா, அதைத் தடுக்க உலகத்துல யாராலயும் முடியாது. அந்தக் காரியத்தைச் செய்ய வேண்டிய ஆபீசு மட்டும்தான் இதுக்கு விதிவிலக்கு.

என் பேரு கமால். பழவேற்காட்டுக்காரன். மீனுக்கும் இறாலுக்கும் ஐஸ் போடுற கம்பெனி ஒண்ணு கட்டி வெச்சிருந்தேன். கம்பெனின்னா சும்மா இல்ல. தகரக் கூரை, கம்ப்ரஸர், உப்புத்தண்ணித் தொட்டி, ஐஸ் வார்க்கிற டின்னு, வாசல்ல என் பேரு போட்ட போர்டு, எல்லாம் இருந்துது. ஐஸ் மட்டும் இல்ல. ஐஸுக்குக் கரண்ட் வேணும். கரண்ட் லைன் குடுக்கணும்னா தொழில் சான்றிதழ் வேணும். அந்தச் சான்றிதழ் குடுக்கிற ஆபீசு காக்களூர் தொழிற்பேட்டையில இருந்துது. இறால் சீசன் ஆரம்பிக்கிறதுக்குள்ள லைன் வரலைன்னா, எங்க ஊரு இறால் எல்லாம் சூலூர்பேட்டை ஐஸ்ல ஏறி ஆந்திராவுக்குப் போயிடும். நான் தகரத்தைப் பிரிச்சி எடைக்குப் போட வேண்டியதுதான்.

ஊர்ல அவனவன் செல்போன்ல காலர் டியூன் வெச்சிக்கினு திரிஞ்ச வருஷம் அது. பொன்னேரியில ஒரு பஸ்ஸு, செங்குன்றத்துல ஒரு பஸ்ஸு, திருவள்ளூர்ல ஒரு ஷேர் ஆட்டோன்னு மாறி மாறி ஏறி, அந்த ஆபீசுக்குப் போயிப் போயி, செருப்புக்கே வழி தெரிஞ்சி போச்சி. ஆபீசரு பேரு தணிகாசலம். நல்ல மனுஷன், சும்மா சொல்லக் கூடாது. யாரையும் திட்ட மாட்டாரு. யாருக்கும் எதுவும் செய்யவும் மாட்டாரு. வந்தவங்களை உட்கார வெச்சி, மின்விசிறியைத் தன் பக்கத்துலேர்ந்து அவங்க பக்கம் திருப்பி விட்டுட்டு, "இன்னிக்கு ஆவாது பாய்" அப்டின்னுவாரு. கேக்கிறதுக்கே குளுகுளுன்னு இருக்கும்.

என் காகிதமெல்லாம் சரியா இருக்குதாம். பிரிண்ட் எடுத்துக் கையெழுத்துப் போட்டா முடிஞ்சிதாம். ஆனா பிரிண்ட் லினக்ஸ்லதான் எடுக்கணும்னு தலைமையகத்துலேர்ந்து உத்தரவாம்.

அந்த வருஷம் ஆபீசருங்க மத்தியில லினக்ஸுதான் மோஸ்தரு. முந்தின வருஷம் மேஜை மேல வாஸ்து மீன்தொட்டி. அதுக்கு முந்தின வருஷம் காலையில யோகா. இந்த வருஷம் லினக்ஸு. ஒருத்தருக்கொருத்தர் பார்த்துக்கினா சாப்பாடு ஆச்சான்னு கேக்கிறதில்ல, உங்க ஆபீசுல லினக்ஸ் வந்துடுச்சான்னுதான் கேட்டுக்கினாங்க. லினக்ஸுன்னா இன்னா சார்னு நான் கேட்டேன். "கட்டற்ற மென்பொருள் பாய். யாரும் யாரையும் கட்டிப்போட முடியாது" அப்டின்னு கண்ணை மூடிக்கினு சொன்னாரு. அது இருந்த பென் டிரைவை, திருடு போயிடக் கூடாதுன்னு நூல் போட்டு மேஜைக் காலோட கட்டி வெச்சிருந்தாரு.

பென் டிரைவு தலைமையகத்துலேர்ந்து அரக்கு முத்திரை வெச்ச கவருல வந்துதாம். லேப்டாப்பு ஆபீசுல ஏற்கெனவே இருந்ததுதான். ரெண்டுத்துக்கும் சேர்த்துப் பூஜை போட்டு, எலுமிச்சம்பழம் நசுக்கி, சந்தனம் குங்குமம் வெச்சி, பென் டிரைவை லேப்டாப்புல சொருகி, பட்டனை அமுக்கினா, லினக்ஸ் வரல. பழைய விண்டோஸே பாட்டுப் பாடிக்கினு வந்து நின்னுது. அதுல சான்றிதழ் போடலாம்னா, அந்த வழியைத் தலைமையகம் உத்தரவு போட்ட அன்னிக்கே அடைச்சிட்டாங்க. புதுக் கதவு திறக்கிறதுக்கு முன்னாலயே பழைய கதவுக்குப் பூட்டு போட்டுட்டாங்கன்னா பார்த்துக்கோங்க.

ஆபீசே கூடி வைத்தியம் பார்த்துது. உருவி ஊதிப் பார்த்தாங்க. கைக்குட்டையால தொடைச்சிச் சொருகினாங்க. தலைகீழா சொருகப் பார்த்தாங்க, அது ஏறல. குங்குமம் உள்ள போயிருக்கும்னு ஒருத்தரு சொன்னாரு. குங்குமம் போனா நல்லதுதானேன்னு இன்னொருத்தரு சண்டைக்கு வந்தாரு. கடைசியில லேப்டாப்பைக் கிழக்குப் பார்த்துத் திருப்பி வெச்சாங்க. கிழக்குப் பார்த்தும் அதே விண்டோஸுதான் வந்துது.

அப்புறம்தான் மிஷினு குடுத்த கம்பெனிக்குப் போன் போட்டு, கிறிஸ்டினான்னு ஒரு இன்ஜினியர் பொண்ணு வந்துது. வீடு கும்மிடிப்பூண்டியில, கம்பெனி சென்னையில, வேலை மாவட்டம் பூரா. அது வந்து லேப்டாப்பை அணைச்சிப் போட்டு, ஏதோ ஒரு பட்டனைத் தட்டிக்கினே இருந்துது. நீலத் திரை ஒண்ணு வந்துது. பார்த்துட்டு, மிஷின்லயும் கோளாறு இல்ல, பென் டிரைவுலயும் கோளாறு இல்லன்னு சொல்லிடுச்சி.

மிஷினுக்கு உசுரு வந்ததும் யாரை வெச்சி வேலை ஆரம்பிக்கணும்னு உள்ள ஒரு வரிசை இருக்குதாம். முதல்ல ஹார்டு டிஸ்க், அப்புறம் சிடி, கடைசியில பென் டிரைவு. ஹார்டு டிஸ்க்ல விண்டோஸ் இருக்கிறதால மிஷினு அங்கேயே நின்னுடுது. கடைசி ஆளைப் போயி எட்டிப் பார்க்கிறதே இல்ல. பென் டிரைவை வரிசையில மேல ஏத்திட்டா லினக்ஸ் தானா வந்துடும், ஆத்தி வெச்ச டீ ஆறறதுக்குள்ள முடிஞ்சிடும்னு சொல்லி, அந்தப் பொண்ணு பட்டன் மேல விரலை வெச்சிது.

"கையை எடும்மா" அப்டின்னாரு தணிகாசலம்.

எடுத்துது.

"இந்த ஹார்டு டிஸ்க்கு எப்போ சேர்ந்துது?"

"மிஷினோடவே வந்தது சார்."

"பென் டிரைவு?"

"உங்களுக்குத்தான் சார் தெரியணும். கூரியர்ல வந்துதுன்னு சொன்னீங்க."

"போன மாசம்தான் வந்துது. சரி, பென் டிரைவை நெனைச்சா வெளிய உருவிடலாமா?"

"உருவலாம் சார். அதுக்குத்தானே அது."

"ஹார்டு டிஸ்க்கை?"

"ஸ்க்ரூ கழட்டணும் சார்."

தணிகாசலம் நாற்காலியில சாய்ஞ்சிக்கினாரு. "அப்போ இது நிரந்தரம், அது தற்காலிகம். நேத்து வந்த தற்காலிகத்தை நிரந்தரத்துக்கு மேல ஏத்தச் சொல்றியேம்மா. நாளைக்கு ஆடிட்டுல யாரு பதில் சொல்றது, நீயா?"

நான் எழுந்து நின்னு, சார் அது மிஷினு சார்னு சொன்னேன். "மிஷினுதான் பாய், ஒத்துக்கறேன். ஆனா அரசாங்க மிஷினு" அப்டின்னாரு.

கிறிஸ்டினா விடல. வரிசையை மாத்த வேணாம், எஃப்பன்னெண்டுன்னு ஒரு பட்டன் இருக்குது, அதை அமுக்கினா இந்த ஒரு தடவைக்கு மட்டும் பென் டிரைவுலேர்ந்து ஆரம்பிக்கும்னு சொல்லிப் பார்த்துது. ஒரு தடவைக்கு மட்டும்னா அது விதித்தளர்வாம். விதித்தளர்வு குடுக்கிற அதிகாரம் அரசுக்குத்தான் உண்டாம், தன்னை மாதிரி ஒரு உதவி இயக்குநர் பட்டனை அமுக்கி அதைச் செஞ்சிட முடியாதாம். அந்தப் பொண்ணு என்னைப் பார்த்துது. நான் மின்விசிறியைப் பார்த்தேன்.

அன்னிக்கே கோப்பு தொடங்கியாச்சு. தலைப்பை எனக்குப் படிச்சிக் காட்டினாரு, அம்மாடி, இன்னா தமிழு: "மடிக்கணினியில் தொடர்ந்து பணியாற்றிவரும் நிரந்தர வன்தட்டுக்கு மேலாக, அண்மையில் வரப்பெற்ற தற்காலிக நினைவகத்திற்கு முன்னுரிமை அளித்தல் – பணிமூப்பு நிர்ணயம் – தெளிவுரை கோருதல் – தொடர்பாக." பழவேற்காட்டுல படகுங்க ஐஸ் இல்லாம நிக்குது, இங்க வன்தட்டுக்குப் பணிமூப்பு நிர்ணயம் ஆவுது. வயிறு எரிஞ்சிது. ஆனா வயித்தெரிச்சலுக்கு அங்க விண்ணப்பப் படிவம் கிடையாதே.

விஷயம் அதோட நிக்கல. ஆபீசு ஊழியர் சங்கச் செயலாளர் தேசப்பன்னு ஒருத்தரு அங்க உதவியாளரா இருந்தாரு. ஒருக்கா அவருக்கு வர வேண்டிய கண்காணிப்பாளர் நாற்காலியை அவருக்குப் பின்னால சேர்ந்தவரு தட்டிக்கினு போயிட்டாரு. அந்தக் காயம் ஆறவே இல்ல. ஹார்டு டிஸ்க் கதையைக் கேட்டதும் மனுஷன் பொங்கிட்டாரு. இன்னிக்கு ஹார்டு டிஸ்க்குக்கு நடக்கிறது நாளைக்கு நமக்கு நடக்கும்னு மதியச் சாப்பாட்டு நேரத்துல கூட்டம் போட்டு, வன்தட்டின் பணிப்பாதுகாப்பை உறுதி செய்யக் கோரித் தீர்மானம் நிறைவேத்தி, எல்லாரும் கறுப்பு பேட்ஜ் குத்திக்கினாங்க. லேப்டாப்பு மூடி மேலயும் ஒண்ணு குத்தப் பார்த்தாங்க. கிறிஸ்டினா ஓடி வந்து தடுத்துட்டுது.

இது தொழிற்பேட்டைக்குள்ள பரவுச்சி. அங்க கம்பெனிக்குக் கம்பெனி காண்ட்ராக்டு ஆளுங்கதான். அவங்களுக்கு லினக்ஸும் தெரியாது, பென் டிரைவும் தெரியாது. ஆனா எவனோ ஒருத்தன் வேலை தெரிஞ்சவனாம், கடைசியில சேர்ந்தான்னு வரிசையில கடைசியிலயே நிக்க வெச்சிருக்காங்களாம், எப்போ வேணாலும் வெளிய உருவிடுவாங்களாம்னு கேட்டதும், அட நம்மாளுடான்னு கிளம்பிட்டாங்க. சாயங்காலம் ஷிப்ட் விட்டதும் ஆபீசு கேட்டுல வந்து நின்னு, பென் டிரைவுக்கு முதலிடம் குடுன்னு கோஷம் போட்டாங்க. உள்ளேர்ந்து தேசப்பன் ஆளுங்க ஹார்டு டிஸ்க் வாழ்கன்னாங்க. நடுவுல நான், கையில மஞ்சப்பை, பைக்குள்ள விண்ணப்ப நகலு.

கடைசியில முத்தரப்புப் பேச்சுவார்த்தைன்னு வெச்சாங்க. ஆபீசரு ஒரு பக்கம், சங்கம் ஒரு பக்கம், காண்ட்ராக்டு ஆளுங்க ஒரு பக்கம். கிறிஸ்டினா தொழில்நுட்பச் சாட்சி. எனக்கும் ஒரு நாற்காலி போட்டு, முன்னால 'பாதிக்கப்பட்ட பயனாளி'ன்னு எழுதி வெச்சாங்க. ரெண்டு பேருக்கும் முதலிடம் குடுத்தா இன்னான்னு ஒருத்தரு கேட்டாரு. மிஷினு ஒத்துக்காதுன்னு கிறிஸ்டினா சொல்லிடுச்சி. வாரம் ஒருத்தருக்கு முதலிடம் குடுக்கலாம்னு இன்னொருத்தரு சொன்னாரு. எந்த வாரத்துலேர்ந்து ஆரம்பிக்கிறதுன்னு அதுல ஒரு சண்டை. பிஸ்கட்டு தீர்ந்து போச்சி, பேச்சு தீரல.

எனக்கு அன்னிக்குப் பொறுமை போயிடுச்சி. காலையிலதான் பத்ருன்னிசா, எங்க வீட்டுக்காரி, சொல்லி அனுப்பிச்சா: ஏரியில இறால் விழ ஆரம்பிச்சிடுச்சாம், லைன் இல்லாம வீட்டுக்கு வராதீங்கன்னு. அந்த பேஜாருல எழுந்து நின்னு கேட்டேன்: "சார், ஒரு நிரந்தரம் நாற்காலியை விட்டு எழுந்திரிக்கவே எழுந்திரிக்காதா? அதுக்கு உங்க சட்டத்துல வழியே இல்லையா?"

"இருக்குது பாய்" அப்டின்னாரு தணிகாசலம். "விருப்ப ஓய்வு."

சொன்ன வேகத்துல நிமிர்ந்து உட்கார்ந்தாரு. தேசப்பனும் நிமிர்ந்தாரு. ஓய்வுன்னா பணிமூப்புக்கு எந்தப் பங்கமும் இல்ல. முன்னால யாரையும் ஏத்த வேண்டியதில்ல, இருக்கிறவரு மரியாதையா போயிடறாரு. ஹார்டு டிஸ்க்கைக் கழட்டிட்டா, மிஷினு தேடிப் பார்த்துட்டுத் தானா பென் டிரைவுக்குத்தான் வரும்னு கிறிஸ்டினாவும் சொல்லிடுச்சி. எல்லாரும் எனக்குக் கை குடுத்தாங்க. நானும் பெருமையா குடுத்தேன்.

பிரிவுபசார விழா அந்த வாரமே நடந்துது. கிறிஸ்டினா ஸ்க்ரூவைக் கழட்டி ஹார்டு டிஸ்க்கை வெளிய எடுத்துது. பார்த்தா உள்ளங்கை அளவுதான் இருக்குது, இதுக்கா இம்மாம் பெரிய ரகளைன்னு தோணுச்சி. ஒரு தாம்பாளத்துல வெச்சி, மாலை போட்டு, சால்வை போர்த்துனாங்க. சால்வைக்குள்ள ஆளையே காணோம். தேசப்பன் பேச எழுந்தாரு. ஒரு நாள் லீவு போட்டதில்ல, மேலதிகாரியை எதுத்து ஒரு வார்த்தை பேசினதில்ல, எழுதினதை அழிக்கச் சொன்னா அழிச்சாரு, வெச்சிக்கச் சொன்னா வெச்சிக்கினாருன்னு சொல்லி நிறுத்தினாரு. தாம்பாளத்தைத் தொட்டுக் கும்பிட்டுட்டு உட்கார்ந்தாரு. மிக்சர், கேசரி, காப்பி எல்லாம் ஆச்சி. அப்புறம் அதை பீரோவுல வெச்சிப் பூட்டி, லேப்டாப்பு பட்டனை அமுக்கினாங்க.

லினக்ஸ் வந்துது. பச்சைத் திரையும் அதுவுமா ஜோரா வந்து நின்னுது. ஆபீசே கை தட்டுச்சி. நான் எழுந்து நின்னு தட்டினேன்.

தணிகாசலம் என் விண்ணப்ப எண்ணைப் போட்டாரு. அப்படி ஒரு விண்ணப்பம் இல்லன்னு வந்துது. மறுபடியும் போட்டாரு. இல்ல. வேற யாரோட எண்ணையோ போட்டுப் பார்த்தாரு. அதுவும் இல்ல. கிறிஸ்டினா மெதுவா சொல்லுச்சி: "சார், இதுவரைக்கும் வந்த விண்ணப்பமெல்லாம் ஹார்டு டிஸ்க்லதான் இருக்குது."

எனக்குக் கண்ணுல தண்ணி வந்துடுச்சி. வெக்கத்தை விட்டுச் சொல்றேன், வந்துடுச்சி. என் வாயால நானே என் விண்ணப்பத்துக்கு மாலை போட்டு பீரோவுல வெச்சிப் பூட்ட வெச்சிருக்கேன். பூட்டைத் திறந்து எடுத்து மாட்டுங்க சார்னு கெஞ்சினேன். ஓய்வு பெற்றவரைத் திரும்ப அதே இடத்துல உட்கார வைக்க முடியாதுன்னு தணிகாசலம் சொன்னாரு. சொல்லும்போது அவருக்கும் கஷ்டமாத்தான் இருந்துது. மின்விசிறியை என் பக்கம் முழுசா திருப்பி விட்டாரு.

"வேணும்னா தொகுப்பூதியத்துல ஆலோசகரா கூப்பிட்டுக்கலாம்" அப்டின்னாரு. "ஆனா சீட்டு கிடையாது. வெளியிலதான் உட்காரணும்."

அதுக்கு வழி இருக்குதுன்னு கிறிஸ்டினா பையைத் திறந்துது. சோப்பு டப்பா மாதிரி ஒரு பெட்டி, அதுல ஒரு ஒயரு. ஹார்டு டிஸ்க்கை அந்தப் பெட்டிக்குள்ள போட்டு மூடி, ஒயரை லேப்டாப்பு பக்கத்துல, பென் டிரைவுக்கு அடுத்த ஓட்டையில சொருகுச்சி. அவ்ளோதான். விண்ணப்பமெல்லாம் வரிசையா வந்து நின்னுது. பென் டிரைவு முதலிடத்துல உட்கார்ந்துக்கினு இருக்குது. ஹார்டு டிஸ்க்கு எப்போ வேணாலும் உருவற மாதிரி வெளிய கிடக்குது. தேசப்பன் அந்தப் பக்கமே பார்க்காம முகத்தைத் திருப்பிக்கினு போயிட்டாரு.

என் சான்றிதழ் பிரிண்ட்ல வந்துது. சூடு ஆறாம கையில வாங்கித் தணிகாசலம் பேனாவைத் திறந்தாரு. அந்நேரம் பார்த்துத் தபால் வந்துது. தலைமையகத்துகிட்ட அவரு கேட்ட தெளிவுரை. சும்மா இருப்பாரா மனுஷன். பேனாவை வெச்சிட்டு நின்னுக்கினே சத்தமா படிச்சாரு: "நிரந்தரத் தன்மையுடையவற்றுக்கே முன்னுரிமை உண்டு எனவும், தற்காலிகத் தன்மையுடைய எதுவும், எவரும், நிரந்தரச் சான்று எதனையும் வழங்கலாகாது எனவும் தெளிவுறுத்தப்படுகிறது."

"நான் அன்னிக்கே சொன்னனா இல்லையா" அப்டின்னு சிரிச்சாரு. சிரிப்பு பாதியில நின்னு போச்சி. உட்கார்ந்துட்டாரு.

இன்னா சார்னு கேட்டேன். கடிதத்தை மேஜை மேல வெச்சாரு. அப்புறம்தான் சொன்னாரு. அந்த ஆபீசே தற்காலிகமாம். ஏதோ ஒரு காலத்துல ரெண்டு வருஷத்துக்குன்னு திறந்து, அப்புறம் வருஷா வருஷம் தொடர் நீட்டிப்பு ஆணை வாங்கி வாங்கி ஓடிக்கினு இருக்குதாம். ஆபீசரு சீட்டு, தேசப்பன் சீட்டு, வாட்ச்மேன் சீட்டு, எல்லாமே அப்படித்தானாம். நீட்டிப்பு வர லேட்டானா அந்த மாசம் சம்பளமே வராதாம். சங்கம் வெச்சிப் பணிமூப்புக்குக் கறுப்பு பேட்ஜ் குத்தின தேசப்பன் உட்பட அங்க ஒருத்தரும் நிரந்தரம் இல்ல.

"இந்த ஆபீசுல பர்மனென்டா இருந்தது அது ஒண்ணுதான் பாய்" அப்டின்னு சோப்பு டப்பாவைக் காட்டினாரு. "அதையும் நாமளே கூடி அனுப்பிச்சிட்டோம்."

எனக்கு அந்தாளைப் பார்த்தா பாவமா இருந்துது. ஆனா ஏரியில இறால் விழுதே. யாரு பாவத்தைப் பார்க்கிறது. கிறிஸ்டினாதான் அந்தக் கடிதத்தை வாங்கித் திரும்பவும் படிச்சிது. "சார், தற்காலிகமானவங்க நிரந்தரச் சான்றுதானே குடுக்கக் கூடாது? தற்காலிகச் சான்று குடுக்கலாம்ல?"

அவ்ளோ பெரிய ஆபீசுல அன்னிக்குத்தான் ஒருத்தரு மூளையைப் பயன்படுத்தினதுன்னு வெச்சிக்கோங்க. தணிகாசலம் முகம் மலர்ந்துது. சான்றிதழ் தலைப்புக்கு முன்னால 'தற்காலிக'ன்னு பேனாவால எழுதி, பக்கத்துல சின்னதா ஒரு கையெழுத்து, கீழ பெருசா ஒரு கையெழுத்து. மூணு மாசத்துக்கு ஒருக்கா வந்து நீட்டிச்சிக்கணும்னாரு. வர்றேன் சார்னு சொல்லிட்டு ஓடியே வந்துட்டேன்.

லைன் வந்துது. கம்ப்ரஸர் ஓடுச்சி. முதல் ஐஸ் பாளத்தை டின்னுலேர்ந்து கவிழ்த்தப்போ என் சந்தோஷத்தைச் சொல்லி மாளாது. ஆளுங்களுக்கெல்லாம் பிரியாணிப் பொட்டலம் வாங்கிக் குடுத்து, காக்களூர் கதையை முதல்லேர்ந்து நடிச்சிக் காட்டினேன். சால்வைக்குள்ள ஹார்டு டிஸ்க் காணாமப் போன இடத்துல, ஐஸ் உடைக்கிற ரோசம்மாளுக்குச் சிரிச்சிச் சிரிச்சிப் புரையேறிப் போச்சி. கம்பெனிக்கு அஸ்திவாரம் தோண்டின நாள்லேர்ந்து இருக்கிறவ. தண்ணி குடிச்சி, வாயைத் தொடைச்சிக்கினு கேட்டா:

"அது சரி பாய். அப்போ இங்க நாங்க யாரு? ஹார்டு டிஸ்க்கா, பென் டிரைவா? லைன் வந்ததும் பர்மனென்ட் பண்றேன்னு சொன்னீங்களே."

சிரிச்சிக்கினு இருந்த அத்தனை பேரும் என்னையே பார்த்தாங்க. நான் கொஞ்சம் நிமிர்ந்து உட்கார்ந்தேன். பக்கத்துல இருந்த டேபிள் ஃபேனை அவ பக்கம் திருப்பி விட்டேன். இந்தக் கம்பெனியோட சான்றிதழே தற்காலிகம், தற்காலிகக் கம்பெனி யாரையும் நிரந்தரம் பண்ண முடியாதுன்னு எடுத்துச் சொன்னேன். இருந்தாலும் மேலிடத்துல கேட்டுச் சொல்றேன்னேன்.

"இந்தக் கம்பெனிக்கு மேலிடம் யாரு பாய்?"

பத்ருன்னிசான்னு சொல்லிட்டு எழுந்து வந்துட்டேன்.

பத்ருன்னிசாகிட்ட இன்னும் கேக்கல. கேட்டா, பண்ணித் தொலைங்களேன்னுதான் சொல்லுவா, அது எனக்குத் தெரியும். ரோசம்மாள் ஐஸ் உடைச்சிக்கினுதான் இருக்கா. கோப்பு பரிசீலனையில் உள்ளது.